கணுவும் வெடிப்பும் உள்ள கட்டையில் செதுக்குவது: தொடங்குகிறவர்களுக்கு

எந்த மரவாடிக்குப் போனாலும் ஒரு மூலையில் கழித்துப்போட்ட துண்டுகள் குவிந்து கிடக்கும். கணு விழுந்தவை, முனை பிளந்தவை, பூச்சி துளைத்தவை, கோணலாக வளர்ந்தவை. நிலைக்கும் கதவுக்கும் ஆகாதென்று ஒதுக்கிய இவை கடைசியில் அடுப்புக்குத்தான் போகும். மரம் செதுக்கப் பழகுகிறவர் கைக்கு முதலில் வந்து சேர்வதும் இந்தக் குவியலிலிருந்துதான். விலை மலிவு, கேட்டால் சில இடங்களில் சும்மாவே தருவார்கள். ஆனால் செதுக்கல் சொல்லித்தரும் பாடங்களில் பெரும்பாலானவை நார் நேராக ஓடும், கணுவே இல்லாத, நன்றாகக் காய்ந்த கட்டையை வைத்துத்தான் தொடங்குகின்றன. அப்படிப் பழகியவர் முதல் கணுவைக் கண்டதும் உளியைக் கீழே வைத்துவிடுகிறார்.

கையில் குறையுள்ள கட்டை இருந்தால் எல்லாரும் முதலில் யோசிப்பது அது பார்க்க நன்றாக இருக்குமா என்பதைத்தான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்தக் குறை முடிந்துபோனதா, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா? இறுகிப் பிடித்த கணு முடிந்துபோன சங்கதி. மரம் உயிரோடு இருந்தபோதே அது நடந்து தீர்ந்துவிட்டது. இனி அது வளராது, நகராது. ஈரக் கட்டையின் முனையில் தெரியும் மயிரிழை வெடிப்போ இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அடுத்த மாதம் அது சிலையின் முகத்தைப் பிளந்துகொண்டு போகலாம். முடிந்த குறையோடு எப்படி வேண்டுமானாலும் ஒத்துப்போகலாம். நடந்துகொண்டிருக்கும் குறையை முதலில் நிறுத்த வேண்டும், அல்லது அது போகும் வழியை நாம் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு பிரிவினையைச் சுற்றித்தான்.

கட்டைக்குள் என்ன இருக்கிறது

மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய மெல்லிய குழாய்களின் கட்டு. புது ஈர்க்குத் துடைப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: குச்சிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது எளிது, மொத்தமாகக் குறுக்கே ஒடிப்பது கடினம். மரமும் நார் வழியே சுலபமாகப் பிளக்கும், நாருக்குக் குறுக்கே எளிதில் உடையாது. உளி வேலையின் பாதி இதிலேயே அடங்கிவிடுகிறது. மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி, நார் சாயும் பக்கமாக வெட்டினால் சீவல் சுருண்டு வரும். எதிர்ப்பக்கமிருந்து வெட்டினால் உளி நாருக்கு அடியில் புகுந்து பிய்த்துக்கொண்டு போகும்.

அடிமரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் நடுவில் மையம், அதைச் சுற்றிக் கருத்த வைரக்கட்டை, அதற்கு வெளியே வெளுத்த சாற்றுக்கட்டை, கடைசியில் பட்டை. வைரக்கட்டையில் மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்துவைத்த பொருள்கள் இருக்கும். சாற்றுக்கட்டையில் மாவுச்சத்து இருக்கும். பூச்சி தேடி வருவது அதைத்தான். தென்னையும் பனையும் இந்தக் கணக்கில் சேராதவை. அவற்றுக்கு ஆண்டு வளையமும் இல்லை, கிளையும் இல்லை, ஆகவே கணுவும் இல்லை.

வெடிப்பு

குறைகளிலேயே அதிகம் படுத்துவது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கலாம்.

பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. குழாய்களின் உள்ளே தேங்கிய நீர் ஒன்று. குழாய்ச் சுவரிலேயே ஊறிய நீர் இன்னொன்று. உள்ளே தேங்கியது வடியும்போது கட்டையின் எடை குறையும், அளவு மாறாது. காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கையில் ஈரம் ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும், சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்க ஆரம்பிப்பது அப்போதுதான். வெட்டிக் கொண்டுவந்த கட்டை சில வாரம் எந்தக் கீறலும் இல்லாமல் இருந்துவிட்டு, "இது நல்ல கட்டை" என்று நாம் நம்பிய பிறகு பிளப்பதற்குக் காரணம் இது.

சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருந்திருந்தால் வெடிப்பே வந்திருக்காது. கட்டை கொஞ்சம் சிறுத்துப்போய் நின்றிருக்கும். ஆனால் நீளவாக்கில் மரம் அநேகமாகச் சுருங்குவதே இல்லை, 0.1 அல்லது 0.2 விழுக்காடு. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் பல மரங்களில் 4 விழுக்காடு போல. வளையங்களின் போக்கில், சுற்றுவாக்கில், 8 விழுக்காடு போல. தேக்கு இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை: ஆரவாக்கில் சுமார் 2.5, சுற்றுவாக்கில் சுமார் 5.8. எந்த மரமானாலும் சுற்றுவாக்குச் சுருக்கம்தான் பெரியது.

இப்போது ஒரு முழு உருளைக் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம் 4 விழுக்காடு குறைகிறது. சுற்றளவு 8 விழுக்காடு குறையப் பார்க்கிறது. ஆரம் குறைந்த அளவுக்கு மட்டும் சுற்றளவு குறைந்தால் வட்டம் வட்டமாகவே இருக்கும். அதற்கு மேலும் அது இழுப்பதால் எங்கேயாவது வாய் திறந்தாக வேண்டும். கணக்குப் போட்டால் 360 டிகிரியில் சுமார் 15 டிகிரி அகலத்துக்கு ஒரு பிளவு. அது ஒரே பெரிய வாயாகத் திறக்கலாம், நாலைந்து சிறு கீறலாகப் பிரிந்துகொள்ளலாம். மையம் உள்ளே இருக்கும் முழு உருளை பிளக்காமல் காய்வது அரிது என்பது இதனால்தான். பழகிய தச்சர்கள் இந்தக் கணக்கு எதுவும் போடாமலே, மையம் உள்ள துண்டைச் சிலைக்கு எடுக்கத் தயங்குவார்கள்.

வழி எளியது. உருளையை மையத்தின் ஊடாக இரண்டாகப் பிளந்துவிடுங்கள். அரை உருளையில் சுருக்கத்துக்கு விட்டுக்கொடுக்க இடம் இருக்கிறது. தட்டை முகம் சற்றே புடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நாலாகப் பிளந்தால் இன்னும் நல்லது. பெரிய உருவம் வேண்டும், உருளையை அப்படியேதான் எடுக்க வேண்டும் என்றால் சிலையின் முதுகுப் பக்கத்தைக் குடைந்து மையத்தை எடுத்துவிடலாம். 15, 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியச் சிற்பிகள் தேவாலயப் பீடங்களுக்கு லிண்டன் மரத்தில் செதுக்கிய ஆளுயர உருவங்களின் பின்பக்கம் இப்படிக் குடையப்பட்டிருக்கும். சுவரோடு நிற்கும் சிலை என்பதால் முன்னால் நிற்கிறவருக்கு அது தெரியாது.

ஜப்பானியர்கள் இதே சிக்கலுக்கு இரண்டு விடை வைத்திருந்தார்கள். ஒன்று, உருவத்தையே பல கட்டைகளாகப் பிரித்துச் செதுக்கி, உள்ளே குடைந்து, பிறகு சேர்ப்பது. கியோட்டோவுக்கு அருகே பியோதோ-இன் கோவிலில் 1053-ஆம் ஆண்டைச் சேர்ந்த அமிதா புத்தர் இப்படிச் சேர்த்துக் கட்டிய உருவம், செய்தவர் ஜோச்சோ. இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடித்தது. வீட்டுத் தூணை நாட்டுமுன் அதன் பின்முகத்தில், சுவருக்குள் மறையும் பக்கத்தில், மையம் வரை நீளமாக ஒரு வாள்வெட்டு போட்டுவிடுகிறார்கள். செவரி என்று அதற்குப் பெயர். மரம் பிளக்கத்தான் போகிறது. பிளக்கும் இடத்தை நாமே கொடுத்துவிட்டால் முகப்பில் கீறல் விழாது. தொடங்குகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முழு உருளையில் சிறு உருவம் செதுக்குகிறீர்களா, முதலில் முதுகுப் பக்கம் மையம் தொடும் வரை வாளால் ஒரு கோடு போட்டுவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

நார்முனைகள் திறந்திருக்கும் வெட்டுமுகத்தின் வழியாக ஈரம் பக்கங்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வெளியேறும். முனை முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே இன்னும் ஈரமாய்ப் புடைத்திருக்க, முனைதான் முதலில் கிழியும். ஆகவே கட்டை கைக்கு வந்த அன்றே இரு முனைகளிலும் மெழுகை உருக்கிப் பூசுங்கள். பழைய பெயின்ட் மிச்சம் இருந்தால் அதுவும் போதும். நிழலில், தரையில் படாமல், காற்று புழங்கும்படி வையுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. மரத்தையும் ஊரையும் பொறுத்து அது கூடும் குறையும். இதைவிட நம்பகமானது தராசு. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைக் கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் உங்கள் வீட்டுக் காற்றோடு கட்டை சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

"உங்கள் வீட்டுக் காற்று" என்பதைக் கவனிக்கவும். காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காடு இருக்கும் கடலோர ஊரில் காய்ந்த கட்டையிலும் சுமார் 14 விழுக்காடு நீர் இருக்கும். அதே பொருளை ஈரப்பதம் 50 விழுக்காடுள்ள ஏசி அறையில் வைத்தால் அது 9 விழுக்காட்டை நோக்கி இறங்கும், மறுபடி சுருங்கும். சென்னையில் வாங்கிய மரச்சிலை ஏசி அறைக்குப் போய் வெடித்தது என்று கேள்விப்பட்டால், விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை.

தொடங்குகிறவர்கள் செய்யும் அவசரம் ஒன்று உண்டு: கீறல் தெரிந்ததும் ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்து அப்பிவிடுவது. கட்டை இன்னும் காய்ந்துகொண்டிருந்தால் அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதுக் கீறல் விழும். மழைக்காலத்தில் மரம் புடைக்கும்போது மூடிக்கொள்ள வேண்டிய வாய்க்குள் கல்போல ஒன்று அடைந்திருப்பதால், மரம் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். அடுத்த வெயிலில் பிளவு முன்னைவிட அகலமாகும். எடை நின்ற பிறகுதான் அடைப்பு வேலை. அப்போதும் பசைக் குழம்பைவிட, அதே மரத்தில் அதே நார் ஓட்டத்தில் சீவிய மெல்லிய ஆப்பு மேலானது. மரத்தோடு சேர்ந்து அதுவும் புடைக்கும், சுருங்கும். மேலே பூசும் எண்ணெயையும் ஒரே மாதிரி உறிஞ்சும். பசை கலந்த தூள் எண்ணெயை ஏற்காது. காய்ந்த பிறகு வெளுத்த தழும்பாகத் தெரியும்.

கணு

கிளை முளைத்த இடத்தை அடிமரம் ஆண்டுதோறும் சுற்றி வளர்ந்து மூடுகிறது. மூடப்பட்ட கிளையின் அடிதான் கணு. கிளை உயிரோடு இருந்த காலத்தில் மூடியிருந்தால் கிளை நாரும் அடிமர நாரும் பின்னிக்கொண்டிருக்கும். அது இறுகிய கணு, விழாது. கிளை பட்டுப்போன பிறகு மூடியிருந்தால் இடையே பட்டையும் சிக்கிக்கொள்ளும். அதைச் சுற்றிக் கருவளையம் தெரியும். காய்ந்ததும் கணு சுருங்கிக் கழன்று விழும், சில சமயம் தட்டினாலே வெளியே வரும். கட்டை வாங்கும்போது கணுவைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், உளிப்பிடியால் தட்டிக் கேளுங்கள். தளர்ந்த கணுவைச் செதுக்குமுன்பே தட்டி எடுத்துவிட்டுக் குழியாகக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. பாதி வேலையில் அது மூக்கோடு சேர்ந்து விழுந்தால் ஒட்டவைக்கவும் முடியாது.

கணுவில் செதுக்குவது கடினமாவதற்கு இரண்டு காரணம். கணு சுற்றியுள்ள மரத்தைவிட அடர்த்தி. அதோடு, நமக்கு எதிரே நிற்பது கிளையின் குறுக்குமுகம், அதாவது நார்முனைகள். ஊசிமுனையாகத் தீட்டிய மெல்லிய கத்தி இங்கே பல்லுவிடும். உளியின் சாய்வைச் சற்று மொண்ணையாக, 25 டிகிரிக்குப் பதில் 30 டிகிரியாகத் தீட்டிக்கொண்டு, கொட்டாப்புளியால் சின்னச் சின்னத் தட்டாகப் போங்கள். கணுவின் மேல் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் இளகும். கணுவைச் சுற்றி நார் வளைந்து செல்வதால், ஒரு பக்கம் வழவழப்பாக வந்த வெட்டு மறுபக்கம் பிய்க்க ஆரம்பிக்கும். பிய்க்கத் தொடங்கியதும் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். கட்டையைத் திருப்பிவைத்து எதிர்த்திசையிலிருந்து வாருங்கள்.

கணு எங்கே வரலாம், எங்கே கூடாது என்பது உருவம் வரையும்போதே முடிவாக வேண்டும். கழுத்து, மணிக்கட்டு, விரல், கரண்டியின் இடுப்பு போன்ற மெல்லிய இடங்களில் கணு விழுந்தால் அங்கே உடையும். நீளமாக ஓடவேண்டிய நார் அங்கே அறுந்திருக்கிறது. முழங்கால், தோள், கொண்டை, விலங்கின் பிட்டம் போன்ற திரண்ட இடங்களில் கணு இருந்தால் தொல்லையில்லை. அங்கே வளையம் வளையமாகத் தெரியும் ரேகை உருவத்துக்கு ஒத்தும் போகும். முகத்தில் மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. கன்னத்தில் ஒரு கரும்புள்ளி விழுந்தால் பார்க்கிறவர் கண் அங்கேயே நிற்கும், மற்ற வேலை எதுவும் தெரியாது.

பேக்கிங் பெட்டிகளுக்கு வரும் பைன் கட்டையில் கணு நிறைய இருக்கும், விலையும் குறைவு. பழக அது நல்ல பொருள். பைன் கணுவில் பிசின் இருப்பதால் பெயின்ட் அடித்தாலும் சில மாதத்தில் மஞ்சளாகக் கசியும். தட்டரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து முதலில் பூசி அடைக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கோடு வரும் கட்டைகளில் முத்திரை இருக்கும். எச்.டி. (HT) என்றால் கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துப் பூச்சி கொன்றது. எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது, அதைத் தொடாதீர்கள்.

சுழி, பின்னல், சாய்வு

வாகையும் வேம்பும் நாரைப் பின்னிப் பின்னி வளர்பவை. சில வளையங்களில் நார் வலப்பக்கம் சாயும், அடுத்த சில வளையங்களில் இடப்பக்கம். எந்தத் திசையில் வெட்டினாலும் பாதிப் பட்டைகள் எதிர் நாராக நிற்கும். இந்த மரங்களில் செதுக்குகிறவர்கள் நார் வழியே நீளமாகத் தள்ளுவதைக் குறைத்து, நாருக்குக் குறுக்கே சாய்வாக, நகவுளியால் (நகம்போல் வளைந்த முனையுள்ள உளி) சிறு சிறு கீற்றாக எடுப்பது இதனால்தான். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில் ஒரே கட்டையில் சாமி உருவங்களும் வாகனங்களும் செதுக்குகிறார்கள்; 2020-ல் அவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு எல்லாம் அங்கே புழங்கும் மரங்கள். அவற்றில் எதுவுமே பாடப்புத்தகத்து நேர்நார் மரம் இல்லை. கூராக வைத்த உளியும் பொறுமையும் இருந்தால் பின்னல் நார் தடையில்லை என்பதற்கு அந்த ஊரே சாட்சி. ஒன்று சொல்லவேண்டும்: வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. முகக்கவசம் இல்லாமல் அதில் உப்புத்தாள் போடவேண்டாம்.

நேர்நாரில் ஒருமுறை பழகிவிட்டு வரவேண்டும் என்று தோன்றினால் வெட்பாலை தேடிப்பாருங்கள். சன்னப்பட்டணத்துப் பொம்மைகளுக்குப் பயன்படும் வெள்ளை மரம் அதுதான். ரேகையே தெரியாத அளவுக்கு மென்மையாக, சீராக இருக்கும். குமிழ் மரமும் உளிக்கு இணக்கமானது.

சாய்ந்து வளர்ந்த மரம் வேறு வகைத் தொல்லை. இலை அகன்ற மரங்கள் சாய்வின் மேல்புறத்தில் தம்மை இழுத்துப் பிடிக்கும் நாரை வளர்க்கின்றன. வெட்டினால் அந்த இடம் பஞ்சுபோல் மயிர்விட்டு நிற்கும், எவ்வளவு உப்புத்தாள் போட்டாலும் அடங்காது. பைன் வகைகள் கீழ்ப்புறத்தில் தாங்கிப் பிடிக்கும் கட்டையை வளர்க்கின்றன. அது நீளவாக்கிலும் சுருங்கும், அதனால் காயக்காய வளைந்துகொண்டே போகும். குறுக்கு முகத்தில் மையம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் சாய்ந்த மரம் என்று தெரிந்துகொள்ளலாம். கிடையாக நீளும் கிளைகள் எல்லாமே இப்படித்தான். சிறு கரண்டிக்கு ஆகும். நேராக நிற்கவேண்டிய எதற்கும் ஆகாது.

ஆனால் வளைவு வேறு, சாய்வு வேறு. இயற்கையாக வளைந்த கிளையில் நாரும் வளைவோடு சேர்ந்து ஓடுகிறது. நேர்க்கட்டையை வளைவாக அறுத்தால் நார் பாதியில் அறுபடும், வளைந்த கட்டையில் அறுபடாது. மரக்கலப்பைக்கு வளைந்த கருவேலங்கட்டையைத் தேடிப் பிடித்ததும், மரப்படகின் விலாக்களுக்கு வளைந்த கிளைகளையே தச்சர்கள் பொறுக்கி எடுப்பதும் இந்தக் காரணத்தால்தான். கைப்பிடி வளைந்த அகப்பை செய்ய நினைத்தால் மரவாடியில் கோணல் என்று கழித்ததுதான் உங்களுக்கு முதல்தரம்.

சில மரங்களின் அடியில் உருண்டு திரண்ட கழலை இருக்கும். அதில் நாருக்குத் திசையே கிடையாது, எல்லாப் பக்கமும் சுருண்டு கிடக்கும். திசை இல்லாததால் எளிதில் பிளக்காது. பின்லாந்திலும் அதை ஒட்டிய வடபகுதிகளிலும் சாமி என்ற பழங்குடி மக்கள் பிர்ச் மரக் கழலையைக் குடைந்து குக்சா என்ற குடிகோப்பை செய்கிறார்கள். கிடைத்தால் விடாதீர்கள்.

பூச்சி, பூஞ்சை, ஆணி

ஊசித்துளைகளும் அடியில் கோதுமை மாவு போன்ற தூளும் இருந்தால் சாற்றுக்கட்டையைத் தின்னும் வண்டின் வேலை. துளையை வைத்து அது பழையதா புதியதா என்று சொல்ல முடியாது. தூசியெல்லாம் தட்டிவிட்டுக் கறுப்புத் தாளின் மேல் கட்டையை வையுங்கள். சில வாரத்தில் புதுத் தூள் விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. முதல் கேள்விக்கே திரும்புகிறோம்: தூள் விழாத துளை முடிந்த குறை, அப்படியே விடலாம். தூள் விழுந்தால் சாற்றுக்கட்டையைச் சீவி எடுத்துவிடுங்கள், அல்லது போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவிடுங்கள். அப்படி ஊறியதில் உண்ணும் பாத்திரம் செய்யக்கூடாது. மாங்கட்டையில் இந்தத் தொல்லை சகஜம்.

பூஞ்சை பிடித்த கட்டையில் சில சமயம் மையால் வரைந்ததுபோல் கருங்கோடுகள் ஓடும். இரண்டு பூஞ்சைக் கூட்டங்கள் மோதிக்கொண்ட எல்லைக்கோடு அது. ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பூஞ்சை நின்றுவிடும். கோடு அப்படியே தங்கும். நகத்தால் அழுத்தினால் குழியாத வரை செதுக்கலாம், குழிந்தால் எறிந்துவிடுங்கள். ஒருவகைப் பூஞ்சை மரத்தைப் பச்சை கலந்த நீலமாக்கும். மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலிய, ஜெர்மானியக் கைவினைஞர்கள் அந்தக் கட்டையைத் தேடி எடுத்து மரப்பதிப்பு ஓவியங்களில் நிறத்துக்காக இழைத்தார்கள்.

ஆணி நம் ஊர்ச் சாலையோர மரங்களுக்கே உரிய சாபம். விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணியை மரம் மூடி வளர்ந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. குறுக்கு முகத்தில் நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்த நிறம் அது. நல்ல காந்தம் ஒன்றைக் கட்டையின் மேல் நகர்த்திப் பார்த்துவிட்டு உளி வையுங்கள்.

மறைப்பதா, காட்டுவதா

குறை நின்றுவிட்டது என்று உறுதியான பிறகு மிஞ்சுவது ரசனை சார்ந்த கேள்வி. இதில் ஊருக்கு ஊர் முடிவு வேறு. பூரி ஜகந்நாதருக்குப் புதுத் திருமேனி செய்ய வேப்பமரம் தேடுவார்கள். கடைசியாக நடந்தது 2015-ல். இடி விழுந்த மரம் ஆகாது, பறவைக்கூடு இருக்கக்கூடாது. அதே மரத்தில் சங்கு, சக்கரம் போன்ற இயற்கைத் தழும்புகள் இருந்தாக வேண்டும். ஒரே தேர்வில் சில வடு மரத்தை விலக்குகிறது, சில வடு அதைத் தேர்ந்தெடுக்க வைக்கிறது.

எங்கு என்ற பெயருடைய ஜப்பானியத் துறவி (1632–1695) வேறொரு கோடி. ஊர் ஊராக நடந்து, கிடைத்த கட்டையைக் கோடரியால் பிளந்து, சில வெட்டுகளில் புத்தரைக் கொண்டுவந்தார். பிளந்த முகம், உளித் தழும்பு, கணு எதையும் தேய்த்து அழிக்கவில்லை. ஆயிரக்கணக்கான உருவங்கள் இன்றும் இருக்கின்றன. அவரைப் பார்த்து "குறையை அப்படியே விடுவது சுலபம்" என்று நினைத்தால் தவறு. கட்டையில் எங்கே வெட்டக்கூடாது என்று தெரிந்தவருக்குத்தான் அவ்வளவு குறைவான வெட்டுகள் போதும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் காட்டியவர் அமெரிக்காவில் 1905-ல் பிறந்த ஜார்ஜ் நாகாஷிமா. 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைக் கட்டும் வேலையில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த ஐடஹோ முகாமில், உடனிருந்த ஜப்பானியத் தச்சரிடம் மரவேலை நுட்பம் பழகினார். பிறகு பென்சில்வேனியாவில் பட்டறை வைத்து, பிளந்த பெரும் பலகைகளை மேசையாக்கினார். பிளவை அடைக்கவில்லை. அதற்குக் குறுக்கே, இரு சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி வடிவில் கடின மரத்துண்டு இறக்கிப் பூட்டினார்; பிளவு தெரியும், ஆனால் இனி விரியாது. நம் பிரிவினையில் சொன்னால், நடந்துகொண்டிருந்த குறையை முடிந்த குறையாக மாற்றிவிட்டுக் காட்சிக்கு வைத்தார். சிறு உருவங்களின் அடிப்பீடத்தில் இதை நீங்களும் செய்து பார்க்கலாம். துண்டின் நார் பிளவுக்குக் குறுக்காக ஓடவேண்டும், இல்லையென்றால் இடுப்பில் ஒடிந்துவிடும்.

என்னைக் கேட்டால், வெடிப்பை எபாக்ஸியும் நீலச்சாயமும் ஊற்றி நதியாக மாற்றும் இப்போதைய மோகம் மேசைக்குச் சரி, சிலைக்கு ஒட்டாது. துணிமடிப்பின் நிழலில் விழும்படி வெடிப்பை அமைத்துக்கொண்டால் அதைத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த வேலைக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

தொடங்க ஒரு வேலை

மா அல்லது பூவரசில், மணிக்கட்டைவிடச் சற்றுப் பருமனான, ஒரு கணுவும் லேசான வளைவும் உள்ள பச்சைக் கிளை ஒன்றை எடுங்கள். அரளி, எருக்கு போன்ற நச்சு மரங்கள் கூடாது. பச்சை மரம் ஏன் என்று கேட்கலாம், இவ்வளவு நேரம் காயவைப்பதைப் பற்றித்தானே பேசினோம். கரண்டி மெல்லியது. ஐந்தாறு மில்லிமீட்டர் கனத்தில் ஈரம் எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் வெளியேறிவிடும், மையத்தையும் எடுத்துவிடுகிறோம். வெடிக்கக் காரணமே இல்லை. உளிக்கும் ஈரமரம் மென்மை.

கிளையை மையம் வழியாகப் பிளந்து, வளைவு பக்கவாட்டில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். வளைவு விழும் இடம் கிண்ணமும் பிடியும் சேரும் இடமாக இருக்கட்டும். கணு பிடியின் நுனிக்கு வரும்படி கரண்டியை வரையுங்கள். அப்படி வராவிட்டால் கணுவைத் தவிர்த்துச் சின்னதாக வரையுங்கள். மையத்தை ஒட்டிய கட்டையை அரை விரல் கனம் சீவி எறிந்துவிட்டுப் புறவடிவை வாய்ச்சியாலோ கத்தியாலோ எடுங்கள். கிண்ணத்தை நகவுளியால் நாருக்குக் குறுக்கே குடையுங்கள். சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்கிறதா என்று விரல்களுக்கு நடுவே வைத்துத் தடவிப் பாருங்கள். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தால் காயும்போது அந்தச் சந்திப்பில்தான் கீறல் விழும்.

முக்கால் வேலை முடிந்ததும் கரண்டியை அதன் சீவல்களுக்குள்ளேயே புதைத்து, செய்தித்தாளில் சுற்றி நிழலில் வையுங்கள். எடை நின்ற பிறகு எடுத்து, புதிதாகத் தீட்டிய கத்தியால் மேல்தோலை மட்டும் சீவுங்கள். கணுவில் பிய்ந்த நார் இப்போது ஒரே வெட்டில் அடங்கும்.

கடைசியாக, எதுவும் கலக்காத ஆளிவிதை எண்ணெய். கணுவின் முகம் நார்முனை என்பதால் எண்ணெயை நிறையக் குடிக்கும், மற்ற இடத்தைவிடக் கறுத்துத் தெரியும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்; ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டுக் காயவிடுங்கள்.